சிங்கப்பூர் கப்பல் பயணம்: முன்பே போடுவதா, கடைசி வரை பொறுப்பதா?

"ஆறு மாதம் முன்பே போட்டுவிடவா? கடைசி நேரத்தில் விலை இறங்கும் என்கிறார்களே, பொறுக்கவா?" கப்பல் சுற்றுலா பற்றி வாசகர்கள் கேட்பதில் முக்கால்வாசி இந்தக் கேள்விதான். இணையத்தில் தேடினால் இரண்டு பதில் கிடைக்கும், ஒன்றையொன்று வெட்டும். சீக்கிரம் போட்டவருக்குத்தான் மலிவு என்கிறது ஒரு தரப்பு. காலியாகக் கிடக்கும் கேபினைக் கடைசி வாரத்தில் வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள் என்கிறது இன்னொரு தரப்பு. இருவர் சொல்வதும் உண்மைதான், ஆனால் இருவரும் ஒரே ஆள் இல்லை. முதல் தரப்பில் பெரும்பாலும் குழந்தைகளோடு கிளம்பும் குடும்பம் இருக்கும். இரண்டாவதில், துறைமுகத்துக்கு மெட்ரோ பிடித்துப் போய்விடக்கூடிய தம்பதி இருப்பார்கள்.

ஆகவே 'எந்த மாதத்தில் விலை குறையும்' என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது: 'உங்களால் பொறுக்க முடியுமா?' சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் பினாங்கு, போர்ட் கிளாங், தாய்லாந்தின் புக்கெட் பக்கம் போய்த் திரும்பும் 2 முதல் 5 இரவுப் பயணங்களை வைத்து இதைப் பார்ப்போம். தமிழ்நாட்டிலிருந்து பலரும் போகும் பயணங்கள் இவை. சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கோ இது வாசலில் நிற்கும் கப்பல்.

## எதை வைத்து எடை போடுவது

கேபினில் எத்தனை பேர்? மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முடிவை மாற்றும். கப்பல் விலை எல்லாமே 'ஒரு கேபினில் இருவர்' என்ற கணக்கில் போடப்படுவது. மூன்றாவது, நான்காவது ஆள் அதே கேபினில் சோபா மெத்தையிலோ, மேலிருந்து இறக்கும் படுக்கையிலோ படுப்பார். அவருக்குக் கட்டணம் குறைவு, ஆனால் அப்படிப்பட்ட கேபின்கள் கப்பலில் ஒரு பகுதிதான். இதற்கு மேல் உயிர்காப்புப் படகுக் கணக்கு ஒன்று உண்டு. ஒவ்வொரு பயணிக்கும் ஆபத்து வேளையில் கூட வேண்டிய இடம் ஒதுக்கப்படும். அந்த இடத்துக்கான எண்ணிக்கை நிரம்பிவிட்டால், கேபின் காலியாக இருந்தாலும் அந்தப் பகுதியில் மூன்றாவது ஆளைச் சேர்க்க மாட்டார்கள். இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரே தேதிக்கு முதலில் 2 பேர் என்று தேடுங்கள், பிறகு 4 பேர் என்று தேடுங்கள். முதல் தேடலில் நான்கு வகைக் கேபின் காட்டும் தளம், இரண்டாவதில் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்வதைப் பார்க்கலாம். பயண நாள் நெருங்க நெருங்க இந்த இடைவெளி அகலும்.

விமானம் ஏற வேண்டுமா? சென்னை, திருச்சி, கோயம்புத்தூரிலிருந்து வருபவருக்குக் கப்பல் கட்டணம் மொத்தச் செலவில் ஒரு பாதிதான். கப்பலில் மிச்சம் பிடித்ததை விமானம் விழுங்கிவிடலாம்.

தேதியை நகர்த்த முடியுமா? பள்ளி விடுமுறைக்குக் கட்டுப்பட்டவர் பொறுத்திருந்து பெறும் லாபம் குறைவு. அந்தத் தேதிகள் எப்படியும் நிரம்பிவிடும் என்று கப்பல் நிறுவனத்துக்குத் தெரியும்.

விசா. இந்தியக் கடவுச்சீட்டுக்குச் சிங்கப்பூர் விசா வேண்டும். கட்டணம் 30 சிங்கப்பூர் வெள்ளி. இந்தியாவில் அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் வழியாக விண்ணப்பிக்கலாம், அவருடைய சேவைக் கட்டணம் தனி. போய்ச் சேரும் நாளுக்கு 30 நாளுக்குள்தான் விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். கப்பல் முடிந்து மறுபடி சிங்கப்பூருக்குள் நுழைய வேண்டியிருப்பதால் பலமுறை நுழையும் விசாவாக இருப்பது முக்கியம். மலேசியாவும் தாய்லாந்தும் 2023 கடைசியில் இந்தியர்களுக்கு விசா விலக்கு அறிவித்தன. அதை அவ்வப்போது நீட்டித்தும் திருத்தியும் வருகிறார்கள், ஆகவே கிளம்பும் மாதத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் மலேசிய விதியைத் தனியாகப் பார்க்க வேண்டும். 'அந்த ஊரில் இறங்கவே மாட்டேன்' என்று சொல்லித் தப்ப முடியாது. கப்பல் நிற்கும் நாட்டுக்கு உரிய விசா இல்லையென்றால் ஏறும் இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள்.

ரத்து செய்தால் எவ்வளவு போகும்? ராயல் கரீபியன் கப்பல் நிறுவனத்தில் 4 இரவு வரையான பயணத்துக்குப் பொதுவாக 75 நாள் முன்பும், 5 இரவும் அதற்கு மேலும் என்றால் 90 நாள் முன்பும் முழுப்பணம் கட்ட வேண்டும். அதற்குப் பிறகு ரத்து செய்தால் பிடிப்பு படிப்படியாக ஏறி, கடைசி 30 நாளில் முழுத் தொகையும் போய்விடும். நிறுவனத்துக்கு நிறுவனம், நாட்டுக்கு நாடு இந்த நாள் கணக்கு மாறும், உங்கள் ரசீதில் இருப்பதுதான் செல்லும்.

மொத்தத் தொகை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது கேபின் கட்டணம் மட்டும். துறைமுகக் கட்டணமும் வரியும் ஆளுக்கு ஆள் சேரும். டிப்ஸ் ஒரு நாளைக்கு ஒருவருக்கு 15 முதல் 20 அமெரிக்க டாலர் வரை தானாகவே கணக்கில் ஏறும், குழந்தைக்கும் ஏறும். எவ்வளவு பெரிய தள்ளுபடி வந்தாலும் இந்த இரண்டும் ஒரு காசு குறையாது.

## விலை ஏன் இப்படி ஆடுகிறது

கப்பல் கிளம்பிய பிறகு காலிக் கேபினுக்கு மதிப்பில்லை. உள்ளே வந்தவர் குடிப்பது, படம் எடுத்துக்கொள்வது, சூதாட்டம், கரைச் சுற்றுலா எல்லாம் நிறுவனத்துக்கு வருமானம். அதனால் காலியாக விடுவதைவிட மலிவாக நிரப்புவதே அவர்களுக்கு லாபம். கடைசி நேரத் தள்ளுபடி பிறந்தது இப்படித்தான்.

ஆனால் கொரோனாவுக்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது. ராயல் கரீபியன் குழுமம் 2024இல் காட்டிய நிரம்பல் விகிதம் 108 சதவீதத்துக்கு மேல். நூறைத் தாண்டுவது எப்படி என்றால், கேபினுக்கு இருவர் என்பதே 100 சதவீதம். மூன்றாவது, நான்காவது படுக்கையில் வருபவர்கள் அதற்கு மேல் கணக்காகிறார்கள். குடும்பங்கள் கப்பலை நிரப்புகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான எண் வேண்டாம். இப்படி நிரம்பும் கப்பலில் கடைசி வாரத்தில் மிச்சமிருப்பவை பெரும்பாலும் இருவருக்கான உள் கேபின்கள் (ஜன்னல் இல்லாதவை), இல்லையென்றால் யாரும் வாங்காத விலையுயர்ந்த சூட்கள் (பெரிய சொகுசு அறைகள்).

## 1. அட்டவணை வெளியானவுடன் போடுவது (9 முதல் 18 மாதம் முன்பு)

கப்பல் நிறுவனங்கள் பருவ அட்டவணையை ஒரு வருடத்துக்கும் மேல் முன்கூட்டியே திறந்துவிடும். திறக்கும் விலைதான் எப்போதும் கடை மட்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்கும் தேதி, கேட்கும் வகை, கேட்கும் இடம் எல்லாம் ஒன்றாகக் கிடைப்பது அப்போதுதான்.

நால்வர் கேபின், பக்கத்துப் பக்கத்தில் உள்கதவோடு இணைந்த இரண்டு கேபின், மாற்றுத்திறனாளிகளுக்கான அகலக் கதவுக் கேபின் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று தேவையென்றால் வேறு யோசனையே வேண்டாம், சீக்கிரம் போடுங்கள். தாத்தா பாட்டியோடு கிளம்பும் பத்துப் பேர் கூட்டத்துக்கும் இதே பதில்தான். டிசம்பர் கடைசி வாரமும் சீனப் புத்தாண்டும் இதில் சேர்த்தி.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது டெபாசிட். 'திரும்பக் கிடைக்கும் டெபாசிட்', 'கிடைக்காத டெபாசிட்' என்று இரண்டு விலை காட்டுவார்கள். இரண்டாவது மலிவாகத் தெரியும். தேதியை மாற்றினாலோ ரத்து செய்தாலோ ஆளுக்கு ஒரு தொகை பிடித்துக்கொண்டு மிச்சத்தை வருங்காலப் பயண வரவாகத்தான் தருவார்கள், கையில் காசாக வராது. பதினாறு மாதம் கழித்து யாருக்கு லீவு கிடைக்கும், எந்தப் பிள்ளைக்குத் தேர்வு வரும் என்று தெரியாத வீட்டில் அந்த மலிவு விலையை வாங்காமல் இருப்பது நல்லது. புதிதாகக் கல்யாணமானவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பயணத்தின்போது 24 வார கர்ப்பத்தை எட்டியிருந்தால் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றாது. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கும் அனுமதி இல்லை.

இரண்டாவது, கப்பலே மாறும் அபாயம். டிஸ்னி அட்வென்ச்சர் என்ற கப்பல் இதற்குக் கண்முன் இருக்கும் உதாரணம். 2025 டிசம்பர் 15 அன்று சிங்கப்பூரிலிருந்து முதல் பயணம் என்று அறிவித்து டிக்கெட் விற்றார்கள். கட்டுமானம் தாமதமானதால் அது 2026 மார்ச் 10க்குத் தள்ளிப்போனது. கப்பல் காசுக்கு நிறுவனம் வழி செய்யும். நீங்கள் தனியாக வாங்கிய விமான டிக்கெட்டுக்கும் ஹோட்டலுக்கும் அதன் பொறுப்பு கிடையாது. ஆகவே புதுக் கப்பலின் முதல் சில மாதங்களுக்குப் போடுவதென்றால், விமானத்தை மாற்றக்கூடிய கட்டணத்தில் வாங்குங்கள், அல்லது கப்பல் ஊருக்கு வந்து சேரும் வரை வாங்காதீர்கள்.

மூன்றாவது, நம் ஊர்ப் பெயர்ச் சிக்கல். இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பது தமிழர்களிடம் சாதாரணம். கப்பல் முன்பதிவுத் தளமோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் நகர விடாது. சிலர் இனிஷியலைப் போடுவார்கள், சிலர் அப்பா பெயரை, சிலர் தன் பெயரையே இரண்டு முறை. பிறகு விசாவில் ஒரு பெயர், விமான டிக்கெட்டில் ஒரு பெயர், கப்பலில் ஒரு பெயர் என்று நிற்கும். என்ன போட வேண்டும் என்று முதலிலேயே நிறுவனத்திடமோ ஏஜென்ட்டிடமோ எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெயர்த் திருத்தம் ஆரம்பத்தில் ஒரு மின்னஞ்சலில் முடிந்துவிடும், முழுப்பணம் கட்டிய பிறகு காசாகும், பயணிகள் பட்டியல் மூடிய பிறகு நடக்கவே நடக்காது. கடவுச்சீட்டு பயண நாளிலிருந்து 6 மாதமாவது செல்ல வேண்டும். ஒரு வருடம் முன்னால் போடும்போது இதை மறந்துவிடுவது எளிது.

## 2. ஜனவரி முதல் மார்ச் வரையான தள்ளுபடிக் காலம்

உலகம் முழுக்கக் கப்பல் நிறுவனங்கள் விளம்பரத்தைக் கொட்டும் மாதங்கள் இவை. புத்தாண்டு முடிந்ததும் மக்கள் அந்த வருடத்து விடுமுறையைத் திட்டமிடுவார்கள் என்பதே காரணம். நவம்பர் கடைசியில் கறுப்பு வெள்ளி (பிளாக் ஃப்ரைடே) விற்பனையும் இதே ரகம். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு நாட்டாஸ் சுற்றுலாக் கண்காட்சி இன்னொரு வாய்ப்பு.

இந்தக் காலத்தின் உண்மையான லாபம் விலையில் இல்லை, கூடவே தருவதில்தான். கப்பலில் செலவழிக்கும் வரவு, குறைந்த டெபாசிட், இலவச வைஃபை, மூன்றாவது நான்காவது ஆளுக்குக் கட்டணமில்லை என்பது போன்றவை. விலைக் குறைப்பு என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். 'இரண்டாவது பயணிக்கு 60 சதவீதம் தள்ளுபடி' என்றால் இரண்டு பேர் சேர்ந்த தொகையில் அது 30 சதவீதம்தான். அதுவும் எந்த விலையிலிருந்து என்பது அவர்களுக்கே வெளிச்சம். அடிப்படை விலையை ஏற்றிவிட்டுத் தள்ளுபடி போடுவது இந்தத் தொழிலில் ரகசியம் இல்லை.

'குழந்தைகளுக்கு இலவசம்' என்பதிலும் இரண்டு இடத்தில் கவனம் தேவை. இலவசம் கேபின் கட்டணம் மட்டும்தான். துறைமுகக் கட்டணம், வரி, டிப்ஸ் எல்லாம் குழந்தைக்கும் உண்டு. அதோடு சலுகை செல்லாத தேதிகள் என்று கீழே பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கும். பெரும்பாலும் பள்ளி விடுமுறை அத்தனையும் அதில் அடங்கும்.

இதை முறியடிக்க ஒரே வழி, டிசம்பர் மாதமே நீங்கள் விரும்பும் தேதிக்கும் கேபின் வகைக்கும் கடைசிப் பக்கம் வரை போய், வரியும் டிப்ஸும் சேர்ந்த மொத்தத் தொகையைக் குறித்து வைப்பது. பிப்ரவரியில் அதே தேதி, அதே வகை, அதே எண்ணிக்கைக்கு மறுபடி பாருங்கள். மொத்தம் குறைந்திருந்தால் அது தள்ளுபடி. குறையவில்லையென்றால் விளம்பரம்.

அந்த வருடத்து ஜூன் அல்லது டிசம்பர் பயணத்தைத் திட்டமிடும் குடும்பத்துக்கு இந்தக் காலம் பொருந்தும். ஆனால் மார்ச்சில் போட்டு மே மாதம் போவதென்றால் முழுப்பணக் கெடு ஏற்கெனவே கழுத்துக்கு வந்திருக்கும், அதை மறக்க வேண்டாம்.

## 3. முழுப்பணக் கெடுவை ஒட்டிய வாரங்கள் (90 முதல் 55 நாள் முன்பு)

அதிகம் பேர் கவனிக்காத வாசல் இது. எங்கள் கணிப்பில், குழந்தை இல்லாமல் இந்தியாவிலிருந்து வரும் இருவருக்கு இதுதான் மிகச் சரியான நேரம்.

காரணம் எளிது. டெபாசிட் மட்டும் கட்டி வைத்திருந்தவர்கள் முழுப்பணம் கட்ட வேண்டிய நாளில்தான் உண்மையாக யோசிப்பார்கள். போக முடியாதவர்கள் விலகுவார்கள். ஏஜென்ட்கள் கூட்டமாகப் பிடித்து வைத்திருந்த கேபின்களில் விற்காதவற்றைத் திருப்பிக் கொடுப்பார்கள். ஒரே வாரத்தில் நிறையக் கேபின்கள் சந்தைக்கு வரும். நிறுவனம் அப்போது கையிருப்பை எண்ணிப் பார்த்து விலையை நகர்த்தும். நன்றாக விற்றிருந்தால் ஏறும், தேங்கியிருந்தால் இறங்கும்.

விமான டிக்கெட்டுக்கும் இது இன்னும் கைமீறாத காலம். விசாவுக்கும் போதுமான நாள் இருக்கிறது.

இடையூறு என்னவென்றால், வாங்கும்போதே முழுத் தொகையும் கட்ட வேண்டும். அந்த நிமிடத்திலிருந்து ரத்துப் பிடிப்பு ஓடத் தொடங்கும். விசா மறுக்கப்பட்டாலும் கப்பல் காசு திரும்பாது. பயணக் காப்பீடு எல்லாமே விசா மறுப்பை ஏற்பதில்லை. ஏற்கும் பாலிசியா என்று வாங்குவதற்கு முன்பே விதிகளைப் படியுங்கள்.

இந்த வாரங்களில்தான் 'கேரண்டி' கேபின்களும் அதிகம் தலைகாட்டும். வகை மட்டும் உறுதி, எண் பிறகு தருவார்கள். நல்ல வேளை இருந்தால் மேல் வகைக்கு ஏற்றுவார்கள். இல்லையென்றால் நடன அரங்குக்குக் கீழேயோ, நங்கூரச் சங்கிலி அலறும் முன்பக்கத்திலோ கிடைக்கும். இரண்டு இரவுக்கு அதைப் பொறுக்கலாம். கடல் ஆட்டம் ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் இதை வாங்காதீர்கள், அவர்களுக்குக் கப்பலின் நடுவே கீழ்த்தளத்தில் கேபின் வேண்டும், அதை இதில் கேட்டுப் பெற முடியாது.

## 4. கடைசி மூன்று வாரம்

சிங்கப்பூரிலோ ஜொகூரிலோ வசிக்கும் இருவருக்கு இதை அடித்துக்கொள்ள முடியாது. மரினா சவுத் பியர் ரயில் நிலையத்தில் இறங்கினால் மரினா பே கப்பல் முனையம். விமானம் இல்லை, ஹோட்டல் இல்லை. புதன் மாலை விலையைப் பார்த்து அடுத்த வாரம் கிளம்பலாம். பள்ளி நடக்கும் மாதங்களில், வார நாளில் கிளம்பும் பயணத்தில், உள் கேபின் விலை நன்றாகவே இறங்குவது உண்டு. தனியாகப் போகிறவருக்கும் சில சமயம் வாய்க்கும். வழக்கமாக இருவர் கட்டணத்தை ஒருவரே கட்டச் சொல்லும் நிறுவனங்கள் கடைசி நேரத்தில் அந்தக் கூடுதலைக் கொஞ்சம் தளர்த்தும்.

சென்னையிலிருந்து வருபவருக்கு இதே வழி வேறு மாதிரி முடியும். ஒரு கற்பனைக் கணக்கு: நால்வர் குடும்பத்துக்குக் கப்பல் மொத்தம் ரூ.1,10,000. அதில் கேபின் கட்டணம் ரூ.75,000, மீதி துறைமுகக் கட்டணம், வரி, டிப்ஸ். கடைசி நேரத்தில் 20 சதவீதம் இறங்கினால் மிச்சம் ரூ.15,000. அதே மூன்று வாரத்தில் விமான டிக்கெட் ஆளுக்கு ரூ.6,000 ஏறியிருந்தால் கூடுதல் செலவு ரூ.24,000. காத்திருந்ததற்குக் கூலி ரூ.9,000 நஷ்டம். நால்வர் கேபின் கிடைத்தது என்று வைத்துக்கொண்டுதான் இந்தக் கணக்கே.

'விமானத்தை முன்பே வாங்கிவிட்டுக் கப்பலை மட்டும் கடைசியில் வாங்கலாமே' என்று கேட்பவர்கள் உண்டு. முடியும், கப்பல் கிடைக்காவிட்டால் சிங்கப்பூரையே சுற்றிப் பார்த்துவிட்டு வரும் மனம் இருந்தால். கப்பலுக்காகத்தான் போகிறீர்கள் என்றால் அது சூதாட்டம்.

விசாவும் இங்கே நெருக்கும். விண்ணப்பித்துச் சில வேலை நாள்களில் வருவது வழக்கம் என்றாலும், கூடுதல் ஆவணம் கேட்டால் நாள் இழுக்கும். கப்பல் நிறுவனமோ பயணிகள் பட்டியலைக் கிளம்புவதற்குச் சில நாள் முன்பே மூடிவிடும்.

## ஒரே பார்வையில்

| | வெளியானவுடன் | ஜனவரி–மார்ச் | 90–55 நாள் | கடைசி 3 வாரம் |
|---|---|---|---|---|
| கேபின் கட்டணம் | நடுத்தரம், நிலையானது | நடுத்தரம், கூடவே சலுகை | பெரும்பாலும் நல்லது, சில சமயம் ஏறும் | மிகக் குறைவு அல்லது கிடைக்கவே கிடைக்காது |
| நால்வர் கேபின் | தாராளம் | பெரும்பாலும் கிடைக்கும் | சந்தேகம் | அரிது |
| இடத் தேர்வு | முழுவதும் | ஓரளவு | குறைவு, கேரண்டி அதிகம் | இல்லை |
| இந்தியாவிலிருந்து விமானம் | அவசரமில்லை | நல்ல விலை | இன்னும் கைக்குள் | விலை ஏறியிருக்கும் |
| ரத்து செய்தால் | டெபாசிட் வகையைப் பொறுத்து | கெடு வரை சமாளிக்கலாம் | பெரும் பகுதி போகும் | முழுவதும் போகும் |
| யாருக்கு | குழந்தைகளோடு குடும்பம், பெரிய கூட்டம் | ஜூன், டிசம்பர் குடும்பங்கள் | இந்தியாவிலிருந்து வரும் இருவர் | சிங்கப்பூர், ஜொகூர்வாசிகள் |

## எப்போது போடுவது என்பதைவிட, எப்போது போவது

இரண்டு தேதிகளுக்கு இடையே உள்ள விலை வித்தியாசம், இரண்டு முன்பதிவு நாள்களுக்கு இடையே உள்ளதைவிடப் பெரிதாக இருக்கும். சிங்கப்பூர் கப்பலின் விலையைத் தீர்மானிப்பது சிங்கப்பூர்ப் பள்ளி நாள்காட்டி: மார்ச்சில் ஒரு வாரம், மே கடைசியிலிருந்து ஜூன் கடைசி வரை நான்கு வாரம், செப்டம்பரில் ஒரு வாரம், நவம்பர் நடுவிலிருந்து வருடக் கடைசி வரை. தமிழ்நாட்டு நாள்காட்டி இதோடு முழுக்கப் பொருந்துவதில்லை, நமக்கு லாபம் அங்கேதான்.

மே முதல் மூன்று வாரங்களில் நம் பிள்ளைகளுக்கு விடுமுறை, சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு வகுப்பு. இந்தியக் கூட்டம் இருக்கும் என்றாலும் ஜூன் முதல் வாரத்தோடு ஒப்பிட்டால் விலை மென்மையாக இருக்கும். 'ஸ்கூல் திறக்கும் முன்னால் போய் வந்துவிடலாம்' என்று மே கடைசி வாரத்துக்குத் தள்ளுபவர்கள், தெரியாமலே இரண்டு நாட்டு விடுமுறையும் மோதும் வாரத்தில் போய் மாட்டுகிறார்கள்.

பொங்கல் விடுமுறை இன்னொரு நல்ல இடைவெளி. புத்தாண்டுக் கூட்டம் வடிந்திருக்கும், சீனப் புத்தாண்டு ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோதான் வரும். காலாண்டு விடுமுறையில் போகிறவர்கள் சீனாவின் அக்டோபர் முதல் வார நீண்ட விடுமுறையையும், அதையொட்டி வரும் ஃபார்முலா 1 பந்தய வார இறுதியையும் தவிர்த்துவிடுங்கள். பந்தய நாள்களில் கப்பல் விலை ஏறாவிட்டாலும், முந்தைய இரவு தங்கும் ஹோட்டல் விலை உங்களை உட்கார வைத்துவிடும்.

முந்தைய இரவு தங்குவது வீண் செலவு இல்லையா என்றால், இல்லை. இரவு விமானத்தில் காலை இறங்கி அன்றே கப்பல் ஏறுவது முடியாத காரியமல்ல. ஆனால் அந்த விமானம் ரத்தானால் மாற்று விமானத்தில் போய்ச் சேர்வதற்குள் கப்பல் போய்விட்டிருக்கும். பயணிப் பதிவை, கப்பல் புறப்படும் நேரத்துக்கு ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள்.

## சென்னையிலிருந்தே கிளம்பும் கப்பல்

விமானமே வேண்டாம் என்பவர்களுக்கு கோர்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் உண்டு. 2022 ஜூனில் சென்னையிலிருந்து ஓடத் தொடங்கியது, 2023 ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என இலங்கைக்கும் போனது. வருடத்தின் பெரும் பகுதி மும்பைப் பக்கம் இருந்துவிட்டு, மேற்குக் கடலில் தென்மேற்குப் பருவமழை கொந்தளிக்கும் மாதங்களில்தான் இந்தப் பக்கம் வரும். சென்னைக்காரர்களுக்கு இந்தக் கப்பலில் நான்காவது வழி, அதாவது கடைசி மூன்று வாரத்தில் வாங்குவது, சரியாகப் பொருந்தும். மேலே சொன்ன சிங்கப்பூர்வாசியின் இடத்தில் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள். பருவம் குறுகியது என்பதால் வார இறுதிகள் மட்டும் சீக்கிரம் நிரம்பும்.

## ஏஜென்ட்டா, நேரடியா?

ஏஜென்ட்டிடம் சில சமயம் நிறுவனத் தளத்தைவிடக் குறைவாகக் கிடைக்கும். அவர் மொத்தமாகப் பிடித்து வைத்த கேபினாக இருந்தால், ரத்து விதி அவருடையது. நிறுவனம் 75 நாள் என்றால் அவர் 100 நாள் என்பார். விலையைக் கேட்கும்போதே 'ரத்து செய்தால் எந்தத் தேதியில் எவ்வளவு' என்று எழுத்தில் கேளுங்கள். இழுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

இந்தியாவில் ஏஜென்ட்டிடம் டூர் பேக்கேஜாக வாங்கினால் ஜிஎஸ்டியும், விற்பவரே வசூலித்துக் கட்டும் முன்வரியான டிசிஎஸ்ஸும் சேரும். டிசிஎஸ்ஸை வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம், அதற்குப் பான் எண் சரியாகக் கொடுத்திருக்க வேண்டும். நேரடியாக வெளிநாட்டுத் தளத்தில் வாங்கினால் வங்கியின் அந்நியச் செலாவணிக் கூடுதல், வழக்கமாக 2 முதல் 3.5 சதவீதம், அதன் மேல் வரி. 'ரூபாயில் கட்டவா?' என்று தளம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அந்த மாற்று விகிதம் இன்னும் மோசமாக இருக்கும்.

நான்கு பேருக்கு விலை கேட்கும்போது இரண்டு விதமாகக் கேளுங்கள்: ஒரு பால்கனிக் கேபினில் நால்வர், எதிரெதிரே இரண்டு உள் கேபின். இரண்டாவது பல தேதிகளில் மலிவாக வரும், குளியலறையும் இரண்டு. ஒவ்வொரு கேபினிலும் பெரியவர் ஒருவர் பெயர் இருக்க வேண்டும் என்பதால் அப்பாவை ஒன்றிலும் அம்மாவை இன்னொன்றிலும் போடுவார்கள். உள்ளே போன பிறகு யார் எங்கே தூங்குகிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. 'இலவசக் குழந்தை' சலுகை மட்டும் இதில் போய்விடும், ஏனென்றால் அது மூன்றாவது நான்காவது ஆளுக்கு. அதையும் கணக்கில் வைத்து இரண்டு மொத்தத்தையும் ஒப்பிடுங்கள்.

## போட்ட பிறகும் ஒரு வேலை இருக்கிறது

முன்பே போட்டவர்கள் டெபாசிட்டோடு மறந்துவிடுவதுதான் வழக்கம். முழுப்பணக் கெடு வரை விலையைக் குறைத்துக் கேட்கும் வாய்ப்பு பல நிறுவனங்களில் இருக்கிறது. அதே கேபின் வகை இன்று குறைவாகக் காட்டினால், அந்தத் திரையைப் படமெடுத்து ஏஜென்ட்டுக்கோ நிறுவனத்துக்கோ அனுப்பி, புது விலைக்கு மாற்றச் சொல்லலாம். மாற்றும்போது பழைய சலுகைகள் போய்விடும். 100 டாலர் கப்பல் வரவை இழந்து 60 டாலர் விலைக் குறைப்பை வாங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கைபேசி நாள்காட்டியில் இரண்டு நினைவூட்டல் வையுங்கள். ஒன்று, கெடுவுக்கு இரண்டு வாரம் முன்பு. இன்னொன்று, மூன்று நாள் முன்பு. கெடுவன்றே கேட்கலாம் என்று விட்டால், ஏஜென்ட் அலுவலகம் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமையாக அது அமைந்துவிடலாம். கெடு தாண்டிய பிறகு விலை எவ்வளவு இறங்கினாலும் வித்தியாசத்தைப் பெரும்பாலும் திருப்பித் தர மாட்டார்கள்.